துணைவலியும் மந்திர வலியும்
(கணினி ஆட்டங்களையும் கம்பர் காட்டும் இந்திரசித்து போரையும் ஒருங்கு வைத்து ஓர் ஆய்வு)

திருக்குறளின் பொருட்பாலில் 48ஆம் அதிகாரம் தொடங்கி 52ஆம் அதிகாரம் வரையுள்ள ஐந்தும் ஒரு கோவையாக நிற்பன. வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்பன அவை. செய்யப் புகும் வினையின் வலிமை, தன் வலிமை, பகைவன் வலிமை, இரு பக்கத்தும் துணை நிற்பாரின் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்குக. பின்னர்க் காலமும் இடமும் நோக்குக. தக்காரை ஆராய்ந்து தெளிக. தெளிந்தபின் இன்னார்க்கு இன்ன வினை எனப் பகுத்து விடுக என்பது இவ்வைந்தின் திரண்ட பொருளாம். அரசர்க்கு உரைத்த இந்நெறி இன்று அரசர் இல்லாத ஓரிடத்தில் நாள்தோறும் பயிலப்படுகின்றது. அவ்விடம் கணினித் திரை.

பாத்திரமேற்பு ஆட்டம் எனப்படும் கணினி ஆட்டவகையில், ஆடுவோர் தாமே சிலரைப் படைத்துக் குழுவாக்கிச் சுரங்கங்களுக்கும் பாழ்நகரங்களுக்கும் செலுத்துவர். வாளேந்தியவர், மந்திரம் அறிந்தவர், புண் ஆற்றுபவர், பூட்டும் பொறியும் திறப்பவர் எனப் பலர் அக்குழுவில் இருப்பர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் 1974இல் ஆக்கிய 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் மேசையாட்டமே இவ்வகைக்குத் தாய். தாளும் எழுதுகோலும் பகடையும் கொண்டு ஆடிய அதன் நெறிகளைக் கணினிக்குக் கொணர்ந்தவை பல. அவற்றுள் 1981இல் வெளிவந்த 'விசார்ட்ரி', 1985இல் வெளிவந்த 'தி பார்ட்ஸ் டேல்', அதே ஆண்டின் 'அல்ட்டிமா' நான்காம் பகுதி, 1988இல் வந்த 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்', 1998இல் வந்த 'பால்டர்ஸ் கேட்' ஆகியவை இன்றளவும் செவ்விய ஆட்டங்களாக மதிக்கப்படுகின்றன.

இவற்றைக் குறித்துத் தமிழாசிரியரிடையே வழங்கும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றே: பொழுதைக் கொல்லும் பேய்க்கதை. ஒரு காலத்தில் மலாயாத் தோட்டங்களில் பாரதமும் இராமாயணமும் கூத்தாகவும் கதைப்பாட்டாகவும் மக்களிடம் வழங்கின. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போனபின், அங்கு வாழ்ந்த குடும்பங்கள் ஈப்போ, ஜெலாப்பாங் போன்ற இடங்களின் தாமான்களில் குடியேறின. கூத்து மேடை உடன் வரவில்லை. கணினி வந்து சேர்ந்தது. நாகபாசம் இன்னதென்று அறியாத சிறுவன், பகைவனை அசையவொட்டாமல் கட்டும் மந்திரம் எப்போது பயன்படும் என்பதை நன்கு அறிந்திருக்கின்றான். இந்நிலையில், ஆராயாது கூறும் தீர்ப்பு ஒருவருக்கும் பயன் தாராது. ஆட்டத்தின் உள்ளமைப்பை நோக்கி, அதன் நிறையும் குறையும் எடுத்துக் கூறுதலே திறனாய்வின் கடன்.

நல்ல ஆட்டத்தில் மந்திரத்தின் மதிப்பு அதற்கு ஆகும் செலவினால் அறியப்படுகின்றது. குழுவின் மதிப்பு ஒருவர் குறையை மற்றொருவர் நிரப்புதலால் அறியப்படுகின்றது. இவ்விரண்டு உண்மைகளும் கம்பரின் யுத்த காண்டத்தில், சிறப்பாக இந்திரசித்துவின் போரில், முன்னரே அமைந்து கிடக்கின்றன. அங்கே இவ்விரண்டின் மேலும் மூன்றாவது ஒன்று உண்டு. அஃது ஆட்டங்கள் பலவற்றில் இல்லை. அம்மூன்றாவது யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

குறையே குழுவுக்கு அடிப்படை

ஆண்டிரு கிரீன்பெர்க், இராபர்ட் வுட்ஹெட் என்னும் இருவர் இயற்றிய 'விசார்ட்ரி'யில் குழுவின் பேரளவு அறுவர். அவருள் முன்வரிசை மூவரே கைகலந்து போர் செய்யக் கூடியவர். பின்வரிசை மூவர் வாள் வீச இயலாது. பழந்தமிழில் முன்னணிப் படைக்குத் தூசி என்றும் பின்னணிப் படைக்குக் கூழை என்றும் பெயர். தூசியில் எவரை நிறுத்துவது, கூழையில் எவரை வைப்பது என்பதே அவ்வாட்டத்தின் முதல் வினா.

மறவன் அடி தாங்குவான். மந்திரம் ஒன்றும் அறியான். மந்திரவாதி ஒரு சொல்லால் பகைவர் கூட்டத்தையே எரிப்பான். ஆனால் கவசம் தரிக்க மாட்டான், தொடக்க நிலையில் இரண்டோர் அடியிலே வீழ்வான். பூசகன் புண் ஆற்றுவான். அவன் தாக்குதல் சிறிது. கள்வன் போரில் பெரும்பயன் தாரான். பேழைகளில் வைத்த பொறியை அறிந்து விலக்க அவன் வேண்டும். அறுவரையும் மறவராகவே கொண்டு செல்வோன் முதல் நஞ்சில் கலங்குவான். அறுவரையும் மந்திரவாதிகளாகக் கொண்டு செல்வோன் முதல் தாக்குதலிலேயே அழிவான். வலிமை மிக்கவரைத் திரட்டுவதால் மட்டும் குழு வலிமை பெறாது. குறைகள் ஒன்றனோடொன்று பொருந்துமாறு திரட்டுதல் வேண்டும் என்பதை ஆட்டம் தோல்வியின் வாயிலாகக் கற்பிக்கின்றது. இன்ன வினையை இன்ன கருவியால் இவன் முடிப்பான் என்று தேர்ந்து அவன்பால் விடுக எனத் தெரிந்து வினையாடல் கூறுவது இதுவே.

இனி இராமன் திரட்டிய துணையை நோக்குக. அனுமனுக்குக் கடலையும் மலையையும் கடக்கும் ஆற்றல் உண்டு. இன்ன மருந்து இன்ன மலையில் உண்டு என்னும் அறிவைச் சாம்பவானிடம் பெறுகின்றான். சாம்பவானுக்கு அவ்வறிவு உண்டு. விரைந்து சென்று வரும் உடல் நிலை இல்லை. இலக்குவனுக்கு வில்லாற்றல் உண்டு; அரக்கர் மாயையின் மறைவு தெரியாது. அம்மறைவை அறிந்த வீடணனால் இந்திரசித்துவைத் தனித்து வெல்ல இயலாது. நால்வரும் தனித்தனியே குறையுடையவர். நால்வரும் சேர்ந்தவிடத்து இந்திரசித்து வீழ்கின்றான்.

துணைவரைச் சேர்க்கும் முறையில் ஆட்டத்துக்கும் காப்பியத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. 'விசார்ட்ரி' பாத்திரங்களை நல்லோர், நடுநிலையோர், தீயோர் என மூவகைப்படுத்தும். குழு அமைக்குங்கால் நல்லோரும் தீயோரும் ஒரு குழுவில் சேரலாகாது என்பது அதன் விதி. 'பால்டர்ஸ் கேட்' இவ்விதியைத் தளர்த்திற்று. அங்கே இரு திறத்தாரும் சேரலாம். ஆயினும் குழுவின் நற்பெயர் ஏறினால் தீயோர் முணுமுணுத்துப் பிரிவர், இறங்கினால் நல்லோர் பிரிவர், சிலர் ஒருவரோடொருவர் வாள் உருவவும் செய்வர். இது முன்னையதினும் வளர்ந்த நிலை.

கம்பரோ இவ்வினாவை ஒரு மன்றமாகவே விரிக்கின்றார். பகைவனின் தம்பி அடைக்கலம் என்று வந்து நிற்கின்றான். ஏற்கலாமா எனச் சூழ்ந்தாரை இராமன் வினவ, சுக்கிரீவன் முதலியோர் ஐயுறுகின்றனர். அனுமன் தான் இலங்கையில் கண்டவற்றைக் கூறி ஏற்கத் தகும் என்கின்றான். இது தெரிந்து தெளிதலின் நேரிய விளக்கமாம். ஏற்றபின் இராமன் வீடணனைத் தன் உடன்பிறந்தார் வரிசையில் ஏழாமவனாக வைக்கின்றான். ஐந்தாமவன் குகன், ஆறாமவன் சுக்கிரீவன். ஆட்டத்தில் துணைவன் கருவியாக நிற்கின்றான். காப்பியத்தில் துணைவன் உறவாகின்றான். ஒரு கருவி முறிந்தால் வேறு கருவி தேடலாம். உறவு வீழ்ந்தால் இராமன் போல் மயங்கி வீழ்வதே இயல்பு.

கட்டுச்சோறு போன்ற மந்திரம்

மந்திரம் வல்லவன் எண்ணியபோதெல்லாம் எண்ணியவாறு மந்திரம் சொல்வான் என்பது பொதுமக்கள் கருத்து. செவ்விய ஆட்டங்கள் இதனை மறுக்கின்றன. அமெரிக்க எழுத்தாளர் சாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' என்னும் நூலில், மந்திரவாதி தன் நூலைப் பயின்று சில மந்திரங்களை மட்டும் நெஞ்சில் ஏற்றிக்கொள்வான்; ஒருமுறை உச்சரித்தவுடன் அம்மந்திரம் நெஞ்சினின்று அகன்றுவிடும். இக்கருத்தையே மேசையாட்டம் தன் விதியாகக் கொண்டது. கணினி ஆட்டங்களும் வழிவழியாக அதனை ஏற்றன.

'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' ஆடுவோன் இரவில் தங்கி ஓய்வு கொள்ளும்போது மறுநாளைக்கு வேண்டிய மந்திரங்களைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். எத்தனை பேரை எதிர்ப்போம், அவர் கூட்டமாக வருவரா, தனித்து வருவரா, நம்மவர்க்குப் புண் மிகுமா என்று முன்னரே கருதித் தேர்தல் வேண்டும். வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டுவது போன்றது இது. வழியில் எது வேண்டும் என்பது கட்டும்போது தெரியாது. கட்டாதது வழியில் கிடைக்காது. 'விசார்ட்ரி'யில் மந்திரங்கள் ஏழு படிகளாக வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு படியிலும் மிகுதியாக ஒன்பது முறையே சொல்லக் கூடும். அவை தீர்ந்தால் சுரங்கத்தை விட்டு மேலேறி வந்து தங்கினால் அன்றி மீளப் பெற இயலாது. ஆகவே ஒவ்வொரு மந்திரமும் திரும்பிச் செல்லும் வழியின் பாதுகாப்பை ஒரு பங்கு குறைக்கின்றது. 'தி பார்ட்ஸ் டேல்' ஆட்டத்தில் பாணன் ஒருவன் உண்டு. அவன் பாடும் பாட்டுக்கும் எல்லை உண்டு. தொண்டை வறண்டால் அருந்தகம் சென்று பருகிய பின்னரே மீண்டும் பாடுவான். பாணரின் நறவு வேட்கையைச் சங்கப் பாட்டில் கற்ற தமிழாசிரியர் இதைக் கண்டு முறுவலிப்பர்.

செலவோடு காலமும் இடமும் சேர்ந்துகொள்கின்றன. 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' ஆட்டத்தில் மந்திரம் சொல்லி முடிக்கும் முன்னர் ஓர் அம்பு பட்டாலும் மந்திரம் வீணாகும். ஆதலால் பகை மந்திரவாதியை முதலில் அம்பால் கலைப்பது வல்லோர் முறை. தீக்கோள மந்திரம் விழுமிடத்தில் நம்மவர் நின்றால் அவரும் எரிவர். ஆதலால் பகைவர் நம் தூசிப்படையை நெருங்குமுன் அதனை விடுத்தல் வேண்டும், நெருங்கியபின் விடலாகாது. காலமறிதலும் இடனறிதலும் இங்கே ஏட்டுச் சுரைக்காயாக இராமல் கைவினையாகின்றன.

எட்டில் ஒன்றே மாரணம்

ஆட்டங்களின் மந்திர வகைகளைத் தமிழில் கூறச் சொற்கள் இல்லை என்று எவரும் வருந்த வேண்டுவதில்லை. நம் மாந்திரிக மரபு மந்திரச் செயல்களை எட்டாகப் பகுத்து அட்டகருமம் எனப் பெயரிட்டுள்ளது. தன்வயப்படுத்தல் வசியம், மயக்கல் மோகனம், அசையாது நிறுத்தல் தம்பனம், விரட்டல் உச்சாடனம், வரவழைத்தல் ஆகருடணம், பகை மூட்டல் வித்துவேடணம், அறிவு பேதிக்கச் செய்தல் பேதனம், கொல்லல் மாரணம். இம்மரபைப் பகுத்தறிவாளர் ஏற்க வேண்டும் என்பது கருத்தன்று. பகுப்பின் செம்மையை மட்டும் நோக்குக. ஆட்டங்களில் வரும் உறக்க மந்திரம் மோகனத்தின்பாற்படும். கட்டு மந்திரம் தம்பனம். அச்சுறுத்தி ஓட்டுவது உச்சாடனம். துணைக்கு ஓர் உயிரை வரவழைப்பது ஆகருடணம்.

எட்டனுள் ஒன்றே கொலை என்பது கருதத்தக்கது. புதிதாக ஆடுவோன் மாரணத்தையே நாடுவான். தீயும் இடியும் அவன் கண்ணைக் கவரும். தேர்ந்தவனோ ஏனைய ஏழையும் நாடுவான். 'விசார்ட்ரி'யின் முதற்படியில் சிறுதீ மந்திரமும் உறக்க மந்திரமும் உள்ளன. சிறுதீ ஒருவனைச் சுடும். உறக்கம் ஒரு கூட்டத்தைச் சாய்க்கும். உறங்குவோரை மறவர் எளிதில் முடிப்பர். மந்திரவாதி வழி திறந்து மறவனுக்கு விடுகின்றான். வெற்றி மறவனுடையதாகக் காணப்படுகின்றது. தன் புகழை மறைத்துத் துணைவன் வினையை எளிதாக்கும் இவ்வியல்பே மந்திரத் தந்திரத்தின் உயிர்நிலை. 2000இல் வந்த 'பால்டர்ஸ் கேட்' இரண்டாம் பகுதியில் பகை மந்திரவாதிகள் பல காப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து நிற்பர். காப்புகளை முதலில் ஒவ்வொன்றாகக் களைந்த பின்னரே வாள் அவர்மேல் படும். களைபவன் ஒருவன், வெட்டுபவன் ஒருவன்.

இந்திரசித்துவின் போர்

இவ்விதிகளை நெஞ்சில் வைத்துக்கொண்டு யுத்த காண்டத்துள் புகுந்தால், கம்பர் இந்திரசித்துவை எத்துணைத் தேர்ந்த தந்திரியாகப் படைத்துள்ளார் என்பது புலனாகும். அவன் போர் மூன்று நிலைகளில் நடக்கின்றது.

முதலாவது நாகபாசம். வானில் மறைந்து நின்று அவன் விடுத்த அப்படை இலக்குவனையும் வானர வீரரையும் பிணிக்கின்றது. இது தம்பனத்தின்பாற்படும், கட்டுதலே அதன் முதல் வினை. கருடன் வந்தவுடன் கட்டு அவிழ்கின்றது. வலிமை மிக்க கட்டுக்கும் ஓர் இயற்கைப் பகை உண்டு என்பது இந்நிகழ்ச்சியின் உட்கிடை.

இரண்டாவது பிரமாத்திரம். இங்கே இந்திரசித்துவின் திறம் உச்சத்தை அடைகின்றது. படையை மறைவில் ஆயத்தம் செய்கின்றான். இராமன் தெய்வப் படைக்கலங்களுக்குப் பூசனை இயற்றச் சென்றிருக்கின்றான். மாயை அறிந்த வீடணன் சேனைக்கு உணவு கொணரச் சென்றிருக்கின்றான். மகோதரன் இந்திரன் உருக்கொண்டு ஐராவதத்தின்மேல் தோன்றிப் போர் செய்ய, தேவர் தலைவன் நம்மோடு பொருவது ஏன் என்று இலக்குவன் திகைக்கின்றான். அத்திகைப்பின் நடுவே பிரமாத்திரம் விடப்படுகின்றது. துணைவலி பிரிந்திருக்கும் காலம், கண்ணை மயக்கும் ஒரு வேடம், தான் மறைந்து நிற்கும் இடம் என மூன்றும் பொருந்தியபோதே பெரும்படை புறப்படுகின்றது. பேதனம் முன்னே சென்று மாரணத்துக்கு வழி விடுகின்றது. கணினி ஆட்டத்தில் வல்லவன் எவனும் இதனினும் சிறந்த சூழ்ச்சி செய்தல் அரிது.

வீழ்ந்த குழு எழுவதும் துணைவலியாலேயே. களத்தில் இல்லாமையால் பிழைத்த வீடணன் இருளில் கொள்ளி ஏந்தித் தேடி அனுமனைக் காண்கின்றான். இருவரும் சாம்பவானைக் காண்கின்றனர். மாண்டாரை எழுப்புவது, பிளந்த உடலைப் பொருத்துவது, பாய்ந்த படைக்கலத்தை வெளிக்கொணர்வது, பழைய உருவை மீட்டுத் தருவது என மருந்து நான்கு உண்டு எனச் சாம்பவான் கூற, அனுமன் மலையையே கொணர்கின்றான். 'அல்ட்டிமா' நான்காம் பகுதியில் மந்திரத்துக்குரிய பொருள்களை ஆடுவோனே சேர்த்துக் கலக்க வேண்டும். எட்டுப் பொருள்களுள் இரண்டு கடையில் கிடையா. குறித்த இடத்தில், இரு நிலவும் மறைந்த இரவில் தேடிக் கொணர்தல் வேண்டும். மருந்தை அரிதாக்கி அதனைத் தேடும் பயணத்தைப் பெரிதாக்குவது இரண்டிடத்தும் ஒரே உத்தி.

மூன்றாவது நிகும்பலை. மாயையால் ஆக்கிய சீதையை வெட்டிக் காட்டிப் பகைவரைத் துயரில் ஆழ்த்திவிட்டு இந்திரசித்து வேள்விக்குச் செல்கின்றான். வேள்வி முற்றினால் அவனை வெல்ல இயலாது. வீடணன் வண்டின் உருவில் சென்று சீதை உயிருடன் இருத்தலைக் கண்டு, மாயையின் நோக்கத்தையும் உணர்ந்து மீள்கின்றான். இலக்குவனும் சேனையும் விரைந்து சென்று வேள்வியைக் கலைக்கின்றனர். சொல்லி முடியா மந்திரத்தை அம்பால் கலைக்கும் 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' விதி ஈண்டுப் பேருருவில் நிகழ்கின்றது. காப்பைக் களைந்தவன் வீடணன், பொருதவன் இலக்குவன்.

சொல்லின் இடம்

தொல்காப்பியம் செய்யுளியலில் மந்திரத்துக்கு இலக்கணம் கூறுகின்றது. சொன்னது சொன்னவாறு பயக்கும் நிறைந்த மொழியை உடைய மாந்தர், தம் ஆணையால் கூறும் மறைந்த சொல்லே மந்திரம் என்பது அதன் கருத்து. சொல்லும் முக்கியம், சொல்பவர் தகுதியும் முக்கியம்.

சொல்லின் சிறப்பைத் தொடக்க கால ஆட்டங்கள் ஒருவாறு போற்றின. 'விசார்ட்ரி'யில் மந்திரத்தின் பெயரை ஆடுவோன் எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட வேண்டும். எழுத்துப் பிழைத்தால் மந்திரம் பலியாது. 'தி பார்ட்ஸ் டேல்' நான்கெழுத்துக் குறிகளை வைத்தது. 'விசார்ட்ரி'யின் மந்திரப் பெயர்களுக்குள் ஒரு சிறு சொல்லாக்க முறையும் உண்டு. 'ஹாலிட்டோ' என்பது சிறுதீ. 'மஹாலிட்டோ' என்பது பெருந்தீ. மா என்னும் அசை முன்னே சேரப் பொருள் பெருகுதல் தமிழ் மாணவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. பிற்கால ஆட்டங்களில் படத்தைச் சுட்டினால் போதும், சொல் மறைந்தது. எளிமை வந்தது உண்மை. மந்திரம் ஒரு சொல் என்னும் உணர்வு தேய்ந்ததும் உண்மை. இதனை ஓர் இழப்பாகவே கருதுதல் தகும்.

ஆட்டம் குறைபடும் இடம்

இனி, மூன்றாவது என்று முன்னர்க் கூறியதற்கு வருவோம். பிரமாத்திரப் படலத்தில், இந்திரசித்து அப்படையை விடுவதற்கு முன்னரே இலக்குவன் அதனை விட முற்படுகின்றான். இராமன் தடுக்கின்றான். அது புறப்பட்டால் ஒருவனோடு நில்லாது உலகங்களையும் அழிக்கும் என்பது அவன் கூறும் காரணம். இக்குறிப்பை அறிந்த இந்திரசித்து களத்தை விட்டு அகன்று, அவர் விடாத படையைத் தான் முந்தி விடச் சூழ்கின்றான். அறம் கருதி அடங்கியதற்கு உடனடிப் பயன் தோல்வி. இலக்குவனும் சேனையும் வீழ்ந்தது அவ்வடக்கத்தின் விலை. கம்பர் இவ்விலையை மறைக்கவில்லை. பிணங்களின் நடுவே இராமனைக் கொண்டு நிறுத்துகின்றார்.

'விசார்ட்ரி'யின் ஏழாம் படியில் எதிர்த்தார் அனைவரையும் எரிக்கும் பெருமந்திரம் ஒன்று உண்டு. ஆடுவோன் அதனைச் சொல்லத் தயங்குவது எண்ணிக்கை குறையுமே என்றுதான். 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' ஆட்டத்தில் தீக்கோளத்தை விடத் தயங்குவது நம்மவர் எரிவரே என்றுதான். செலவு கருதிய அடக்கம் உண்டு; தம்மவர் கருதிய அடக்கம் உண்டு; பிறர் கருதிய அடக்கத்துக்கு அங்கே இடம் மிகச் சிறிது. கொன்றோர் தொகையே பட்டறிவுப் புள்ளியாகக் கூடுவதால், கொல்லாமை பெரும்பாலும் இழப்பாகவே கணக்கிடப்படுகின்றது.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. இரிச்சர்ட் கேரியட் இயற்றிய 'அல்ட்டிமா' நான்காம் பகுதியில் வெல்லுதற்குரிய இறுதிப் பகைவன் ஒருவனும் இல்லை. உண்மை, அன்பு, வீரம் என்னும் மூன்றினின்று கிளைத்த எட்டு அறங்களில் ஆடுவோன் தேறுதலே குறிக்கோள். தேறியவனுக்கு ஆட்டம் தரும் பெயர் அவதாரம் என்னும் நம் நாட்டுச் சொல்லே. மந்திரப் பொருள் விற்பவர் கண்ணிழந்தவர்; குறைத்துக் கொடுத்தாலும் அவர் அறியார்; ஆட்டம் அறியும். தீயவல்லாத விலங்கு தோற்று ஓடும்போது ஓடவிடுதல் அறமாகும். படைக்கலம் இழந்து நின்ற இராவணனை முதற்போரில் போகவிட்ட இராமனை இவ்விதி நினைவூட்டுகின்றது. ஆயினும் இவ்வழியைப் பின்பற்றிய ஆட்டங்கள் மிகச் சிலவே.

கம்பர் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றார். இந்திரசித்து விடுத்த திருமாலின் படை இலக்குவனை வலம் வந்து மீள்கின்றது. அதனைக் கண்ட அவன் தந்தையிடம் சென்று, சீதையின்பால் வைத்த ஆசையை விட்டொழிக என்று அறிவுரை கூறுகின்றான். தந்தை கேளாதபோது மீண்டும் களம் புகுந்து மடிகின்றான். மந்திரம் தோற்றவிடத்தில் அவனுக்குத் தெளிவு பிறந்தது. ஆட்டங்களில் பகை மந்திரவாதி தோற்றால் பெரும்பாலும் மறைவான். அவன் கற்றுக்கொள்வதைக் காணும் வாய்ப்பை ஆடுவோன் பெறுதல் அரிது.

அவனை வீழ்த்திய அம்பும் கருதத்தக்கது. தெய்வப் படைகள் ஒன்றையொன்று தணித்து ஓய்ந்தபின், இலக்குவன் ஓர் ஆணை கூறி அம்பு விடுகின்றான். இராமன் மறைகள் போற்றும் அறத்தின் வடிவம் என்பது உண்மையாயின் இவ்வம்பு இவனைக் கொல்க என்பது அதன் பொருள். அங்கே படையை வெல்விப்பது படிக்கணக்கும் எண்ணிக்கையும் கடந்த ஒரு மெய்ச்சொல். நிறைமொழி மாந்தர் எனத் தொல்காப்பியம் வைத்த தகுதி இங்கே செயலாகின்றது. துணைவலி, மந்திர வலி ஆகிய இரண்டின் மேலும் கம்பர் வைத்த மூன்றாவது இதுவே: சொல்பவன் வாய்மை. செலவைக் கற்பித்த ஆட்டம், துணையைக் கற்பித்த ஆட்டம், வாய்மைக்கு ஓர் எண் கண்டுபிடிக்க மாட்டாமல் நிற்கின்றது. 'அல்ட்டிமா' அதனை முயன்றது. எண்ணாக்கியதனாலேயே, அறம் செய்வோன் புள்ளிக்காகச் செய்தானா பிறர்க்காகச் செய்தானா என்பதை அதனால் பிரித்தறியக் கூடவில்லை.

ஆசிரியர் கைக்கொள்ளத்தக்கது

காப்பியத்தையும் ஆட்டத்தையும் ஒரே தட்டில் நிறுத்தலாமா என்று சிலர் வினவக் கூடும். நிறை ஒன்றென்று கூறுவார் எவரும் இலர். காப்பியத்தில் நிகழ்ந்தது நிகழ்ந்ததே. படிப்போன் அதனைத் தாங்கியே ஆக வேண்டும். ஆட்டங்கள் பலவற்றில் தோற்றவன் பழைய நிலைக்குத் திரும்பி மீண்டும் தொடங்குவான். 'விசார்ட்ரி' இதிலும் ஒரு விலக்கு. அதில் இறப்பு உடனே வட்டில் பதியும். உயிர்ப்பிக்கும் மந்திரம் தவறினால் உடல் சாம்பலாகும். சாம்பலை எழுப்பும் மந்திரமும் தவறினால் அப்பெயரே அழியும். தான் பெயரிட்டு வளர்த்த துணைவனை அவ்வாறு இழந்த ஒருவனுக்கு மருத்துமலைப் படலத்தின் துயரும் மகிழ்வும் எளிதில் விளங்கும். ஒப்பீட்டின் பயன் அது.

ஆதலால் வகுப்பில் இவ்வாட்டங்களைப் பழிப்பதனினும், ஆடும் மாணவனிடம் சில வினாக்களை எழுப்புதல் நன்று. உன் குழுவில் எவன் குறையை எவன் நிரப்புகின்றான்? நீ நேற்றுச் சொன்ன மந்திரம் அட்டகருமத்துள் எது? பகைவன் மந்திரத்தை நீ எவ்வாறு கலைத்தாய்? இம்மூன்றுக்கும் விடை கூறத் தெரிந்தவனுக்கு நிகும்பலை யாகப் படலத்தைக் கதையாக எடுத்துச் சொன்னால், ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்பான். பாடலின் அருஞ்சொற்பொருளை அதன் பின்னர்த் தொடங்கலாம். நான்காவதாக ஒரு வினாவும் உண்டு: வெல்லக் கூடிய மந்திரம் கையில் இருந்தும் நீ சொல்லாமல் விட்டதுண்டா, விட்டாயாயின் யார் பொருட்டு? இதற்கு ஆட்டத்தில் விடை கிடைத்தல் அரிது. அவ்விடத்தில்தான் ஆசிரியர் பிரமாத்திரப் படலத்தை எடுத்து விரித்தல் வேண்டும்.